போஸ்ட் ஆபீஸ் நஷ்டத்துல ஓடுதாமே, அம்மா பேர்ல போட்ட எம்ஐஎஸ் பணத்த எடுத்துடலாமா?

சத்துவாச்சாரிக்காரன்

வணக்கம் நண்பர்களே. விஷயம் தெரிஞ்சவங்க யாராச்சும் கொஞ்சம் தெளிவா சொல்லுங்க. அப்பா சர்வீஸ் முடிஞ்சு வந்த பணத்துல 9 லட்சத்த அம்மா பேர்ல போஸ்ட் ஆபீஸ் எம்ஐஎஸ்ல (மாசாமாசம் வட்டி தர்ற ஸ்கீம்) போட்டிருக்கோம், மீதியில பெரிய பங்கு அப்பா பேர்ல சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல இருக்கு. மளிகை, சுகர் மாத்திரை, கரண்ட் பில் எல்லாம் அந்த வட்டியிலதான் ஓடுது.

இப்ப என்னன்னா அக்கா வீட்டுக்காரர் ஊருக்கு வந்தவரு சாப்டுகிட்டே ஒரு குண்டத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாரு. போஸ்ட் ஆபீஸ் வருஷத்துக்கு 15,000 கோடி நஷ்டமாம், பிஎஸ்என்எல், ஏர் இந்தியா நஷ்டத்தையே தாண்டிடுச்சாம், ஏர் இந்தியாவ வித்த மாதிரி ஒரு நாள் இதையும் வித்துடுவாங்க, அதுக்குள்ள எல்லாத்தையும் உருவி பிரைவேட் பேங்க் எஃப்டில போடுங்க அத்தைன்னு சொல்லிட்டாரு. அம்மாவுக்கு அன்னைல இருந்து தூக்கமே இல்ல, தினம் காலைல எழுந்ததும் "எடுத்துட்டியாடா"ன்னுதான் முதல் கேள்வி.

எனக்குப் புரியாதது வேற. வேலூர் ஹெட் போஸ்ட் ஆபீஸ் போய் பாருங்க, பாஸ்போர்ட்டுக்கு ஒரு கூட்டம், ஆதாருக்கு ஒரு கூட்டம், சேவிங்ஸ் கவுன்ட்டர்ல ஒரு கூட்டம். லட்சக்கணக்கான கோடி டெபாசிட் வச்சிருக்காங்கன்னு பேப்பர்ல வருது. ஸ்பீட் போஸ்ட் ரேட்டும் ஏத்திட்டாங்க. இவ்ளோ இருந்தும் எப்படிங்க நஷ்டம்? அந்த டெபாசிட்ட வச்சு நஷ்டத்த அடைச்சுகிட்டு இருந்தா நம்ம பணம்தானே போகுது? பயமா இருக்கு, அதான் கேக்கறேன்.

ரிட்டயர்டு கவுன்ட்டர்

தம்பி, முதல்ல அம்மாவ நிம்மதியா தூங்கச் சொல்லுங்க. நான் கவுன்ட்டர்லயும் அக்கவுண்ட்ஸ் பிரான்ச்லயும் சர்வீஸ் போட்டு வெளிய வந்தவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

உங்க மச்சான் ரெண்டு வேற வேற விஷயத்த ஒரே மூட்டையா கட்டிட்டாரு. அம்மா போட்ட 9 லட்சம் தபால் துறையோட பணம் கிடையாது. தபால் துறை அங்க வெறும் ஏஜெண்ட். நிதி அமைச்சகத்துக்காக பணத்த வாங்கி, கணக்கு எழுதி, திருப்பிக் கொடுக்கற வேலை மட்டும்தான் எங்களோடது. வாங்கற பணம் நேரா மத்திய அரசு கணக்குக்குப் போயிடும், 1999ல இருந்து தேசிய சிறுசேமிப்பு நிதின்னு ஒண்ணு தனியா இருக்கு, அதுக்குள்ள போகும். அரசாங்கம் அதைக் கடனா எடுத்துக்கும், உங்களுக்கு வட்டி தர்றதும் அங்க இருந்துதான். ஸ்டாம்ப் வித்த காசு குறைஞ்சாலும் லெட்டர் எண்ணிக்கை விழுந்தாலும் அம்மா வட்டியில ஒரு பைசா கை வைக்க முடியாது. நீங்க கேட்ட "டெபாசிட்ட வச்சு நஷ்டத்த அடைக்கறாங்களா"ங்கறதுக்கும் இதான் பதில், அந்தப் பணத்தத் தொடவே எங்களுக்கு அதிகாரம் கிடையாது.

அதோட, பிரைவேட் பேங்க்ல 9 லட்சம் போட்டா டெபாசிட் இன்சூரன்ஸ் 5 லட்சம் வரைக்கும்தான். போஸ்ட் ஆபீஸ்ல போட்ட மொத்தப் பணத்துக்கும் மத்திய அரசே பொறுப்பு, அதுக்கு லிமிட்னு ஒண்ணு கிடையாது. இதையும் மச்சான்கிட்ட சொல்லுங்க. இப்ப அவசரப்பட்டு எடுத்தா நஷ்டம் உங்களுக்குத்தான். எம்ஐஎஸ் போட்டு ஒரு வருஷம் ஆகலன்னா எடுக்கவே விடமாட்டாங்க, ஒண்ணுல இருந்து மூணு வருஷத்துக்குள்ளன்னா அசல்ல 2 சதவீதம் பிடிச்சுடுவாங்க, மூணுக்கு மேல அஞ்சுக்குள்ளன்னா 1 சதவீதம். 9 லட்சத்துல 2 சதவீதம் 18,000 ரூபா, கண்ணு முன்னாடி போயிடும்.

இனி நஷ்டக் கதைக்கு வர்றேன். 15,000 கோடிங்கறது 2018-19 கணக்கு, அந்த சமயம் எல்லா பேப்பர்லயும் வந்துச்சு, பிஎஸ்என்எல், ஏர் இந்தியாவோட ஒப்பிட்டு எழுதினதும் அப்பதான். ஆனா அது ரெண்டும் கம்பெனி, தபால் துறை கம்பெனி கிடையாது, அரசாங்கத்துல ஒரு டிபார்ட்மென்ட். வருஷத்துக்கு வர்ற வரும்படி ஒரு பக்கம், ஆகற செலவு ஒரு பக்கம், இடைல துண்டு விழறத பட்ஜெட்ல இருந்து கொடுப்பாங்க, அதுக்குப் பேரு தபால் பற்றாக்குறை. அந்த வருஷத்துல சம்பளம் அலவன்ஸ் மட்டும் 16,600 கோடி சொச்சம், ரிட்டயர் ஆன எங்கள மாதிரி ஆளுங்க பென்ஷன் 9,700 கோடிக்கு மேல. ரெண்டும் சேர்ந்தா 26,000 கோடியத் தாண்டுது பாருங்க. செலவுல பெரும்பங்கு ஆளுங்களுக்குத்தான். 2004க்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்கு பழைய பென்ஷன் கிடையாது, அதனால அந்தச் சுமை குறையும், ஆனா உடனே இல்ல, எங்க தலைமுறை போகணும் (சீக்கிரம் போற ஐடியா எனக்கு இல்ல).

வரும்படிய பாத்தா சிரிப்பு வரும். போஸ்ட் கார்டு 50 பைசா, இன்லேண்ட் லெட்டர் இரண்டரை ரூபா, சாதா கவர் 5 ரூபா, இந்த ரேட்டெல்லாம் 20 வருஷத்துக்கு மேல அப்படியே நிக்குது. 50 பைசா கார்டு ஒண்ணக் கொண்டு போய் சேர்க்க துறைக்கு 12 ரூபாய்க்கு மேல ஆகுதுன்னு அவங்களே கணக்கு கொடுத்திருக்காங்க. ஏத்தினா ஏழைங்க கடுதாசிக்கு வரி போட்டுட்டான்னு சத்தம் வரும்னு எந்த ஆட்சியும் அதத் தொடல. உண்மைல துறைக்கு இன்னைக்கு பெரிய வருமானமே ஸ்டாம்ப்ல இல்ல, உங்க அம்மா மாதிரி ஆளுங்க கணக்க நடத்திக் கொடுக்கறதுக்கு நிதி அமைச்சகம் கணக்குக்கு இவ்ளோன்னு கொடுக்குற கூலிதான். நீங்க பாத்த கூட்டத்துக்கு அர்த்தம் அதான்.

காட்பாடி டெக்கி

ஐயா சொன்ன சேஃப்டி மேட்டர் கரெக்ட், அதுல சண்டை இல்ல. ஆனா நஷ்டத்த இவ்ளோ அழகா பேக் பண்ணிச் சொல்றது எனக்கு ஒத்துக்கல. டிபார்ட்மென்ட்னு பேர் வச்சுட்டா நஷ்டம் நஷ்டம் இல்லன்னு ஆயிடுமா? அந்தத் துண்டு எங்க இருந்து வருது, நாம கட்டற வரில இருந்துதானே.

நான் கேக்கறது சிம்பிள். லெட்டர் யாரு எழுதறா இப்ப? டென்மார்க்ல 400 வருஷமா ஓடின லெட்டர் டெலிவரிய 2025 கடைசில மூட்டை கட்டிட்டாங்க, அங்க இருக்கற தபால் கம்பெனி போஸ்ட்நார்டு இனிமே பார்சல் மட்டும்தான். இங்கிலாந்துல ராயல் மெயில 2013லயே பிரைவேட் ஆக்கிட்டாங்க. நாம மட்டும் 1,64,000க்கு மேல ஆபீஸ திறந்து வச்சுகிட்டு, அதுல முக்காவாசிக்கு மேல கிராமத்துல, பாதி நேரம் "லிங்க் இல்ல, அப்புறம் வாங்க"ன்னு சொல்லிகிட்டு இருக்கோம். 2025 ஆகஸ்ட்ல புது சாஃப்ட்வேருக்கு மாறினாங்களே, ஏபிடின்னு, அந்த வாரமெல்லாம் எத்தன பேரு ரெஜிஸ்டர் போஸ்ட் பண்ண முடியாம திரும்பிப் போனாங்கன்னு யாராச்சும் கணக்கு வச்சிருக்காங்களா? நான் சொந்தமா அனுபவிச்சேன், எந்த ஆபீஸ்னு சொல்லல, கவுன்ட்டர்ல இருந்த மேடம் பாவம் ஸ்க்ரீனப் பாத்துகிட்டே உக்காந்திருந்தாங்க, பின்னாடி லைன் வாசப்படி வரைக்கும். பிரைவேட் கூரியர்னா இப்படி ஒரு நாள் நடந்தா கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிடுவான், அந்த பயம் இங்க கிடையாது.

வித்துடுங்கன்னு சொல்லல. லாபம் வர்றத வச்சுக்குங்க, வராததக் குறைங்க. அவ்ளோதான்.

ஓடுகத்தூர் பக்கம் பிபிஎம்

டெக்கி ப்ரோ, நீங்க குறைங்கன்னு சொல்ற லிஸ்ட்ல முதல் பேரு என் ஆபீஸ்தான், அதனால நானே பதில் சொல்லிடறேன்.

நான் கிராமின் டாக் சேவக், அதாவது கிராமத்து தபால் ஊழியர், அதுல பிரான்ச் போஸ்ட் மாஸ்டர் (பிபிஎம்). பேரு போஸ்ட் மாஸ்டர்னு பெருசா இருக்கும். 2018ல ரிவைஸ் பண்ணப்ப ஆரம்ப அலவன்ஸ் 12,000, அதுக்கு மேல டிஏ. எனக்குக் கீழ இருக்கற அசிஸ்டென்ட், ஏபிபிஎம்க்கு 10,000ல ஆரம்பம். சம்பளம்னு கூட அதுக்குப் பேரு கிடையாது. காகிதத்துல 4 மணி நேர வேலை. ஆபீஸ் நடத்துற ரூம நாங்கதான் ஏற்பாடு பண்ணணும், எங்க வீட்டு முன் ரூம்லதான் நாட்டோட போஸ்ட் ஆபீஸ் நடக்குது. நிரந்தர ஊழியருக்கு கிடைக்கற பென்ஷனும் எங்களுக்குக் கிடையாது. இப்படி நாடு முழுக்க ரெண்டரை லட்சம் பேருக்குப் பக்கத்துல இருக்கோம். அந்த 15,000 கோடில என் பங்கு எவ்ளோன்னு நீங்களே போட்டுப் பாருங்க, கிராமத்து ஆபீஸ மூடினா மிச்சமாகறது எவ்ளோன்னும் அப்ப தெரியும். செலவு இருக்கறது மேல, கத்திரி வைக்கச் சொல்றது கீழ.

வேலை என்னன்னு கேளுங்க. லெட்டர் குறைஞ்சு போச்சு, ஒத்துக்கறேன். ஆனா பை காலியா வரல. 2024 பிப்ரவரி கடைசில இருந்து தமிழ்நாட்டுல லைசென்ஸ், ஆர்சி புக் ரெண்டையும் ஆர்டிஓ ஆபீஸ்ல கைல கொடுக்கறது இல்ல, ஸ்பீட் போஸ்ட்லதான் வருது. ஆதார், பான், ஏடிஎம் கார்டு, பாஸ்போர்ட், வேலைக்கு ஆர்டர், கோர்ட் சம்மன் எல்லாம் வருது. அது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் பணம். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபா ஏறின அன்னைக்கு என் வாசல்ல வந்து பாருங்க. பாதி பேருக்கு ஏடிஎம் கார்டு கிடையாது, இருந்தாலும் மெஷினுக்குப் போக பஸ் ஏறணும், போக வர ஆகற காச எண்ணிப் பாத்துட்டு எங்ககிட்டதான் வருவாங்க. கைரேகை வச்சு எந்த பேங்க்ல இருந்தாலும் இங்கயே எடுத்துக் கொடுக்கறோம். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை மாதிரி மலை மேல இருக்கற ஊருங்கள நெனச்சுப் பாருங்க, எந்த பிரைவேட் பேங்க் போய் கதவத் திறக்கும்? கூரியர்காரன் அடிவாரத்துலயே போன் பண்ணி "கீழ வந்து வாங்கிக்கோ"ம்பான். பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆன பெரியவங்க நம்ம மாவட்டத்துல எவ்ளோ பேரு, கம்மவான்பேட்டைன்னாலே மிலிட்டரி ஊருன்னுதான பேரு, அவங்கள்ல படுத்த படுக்கையா இருக்கறவங்க வீட்டுக்கே போய் லைஃப் சர்டிபிகேட் எடுத்துக் கொடுக்கறோம், 70 ரூபா வாங்கறோம்.

புகார் எனக்கும் இருக்கு, இல்லன்னு சொல்லல. டவர் கிடைக்காது. மிஷின் தொங்கும். அதைவிட டார்கெட். இந்த மாசம் இத்தன அக்கவுண்ட், இத்தன கிராமிய இன்சூரன்ஸ், இத்தன ஆக்சிடெண்ட் பாலிசி, ஞாயித்துக்கிழம மேளா போடுன்னு மேல இருந்து மெசேஜ் மேல மெசேஜ். அக்கவுண்ட் தொறக்கறதுக்காகவே அக்கவுண்ட் தொறந்தா அதுல 50 ரூபா போட்டுட்டு ஆள் திரும்பி வரமாட்டான், அந்தக் கணக்க வச்சுகிட்டு பெர்ஃபார்மன்ஸ் சூப்பர்னு சொல்லிகிட்டு இருப்பாங்க. உங்களுக்குக் கோபம் வரணும்னா அங்க வரட்டும்.

குடியாத்தம் லுங்கி

நம்ம மேட்டரு வேற. நான் கைலி, லுங்கி ஆன்லைன்ல விக்கறவன். தினம் பார்சல் போட்டுகினு கீறவன்றதால சொல்றேன், போஸ்ட் ஆபீஸ் மாதிரி ரீச் எவனுக்கும் கெடையாது, போஸ்ட் ஆபீஸ் மாதிரி பிசினஸ் பண்ணத் தெரியாதவனும் எவனும் கெடையாது.

அசாம், திரிபுரா, பெங்கால்ல ஏதோ ஒரு குக்கிராமம், நம்ம சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்துட்டு இங்க லுங்கி வாங்கினு போனவங்க, ஊருக்குப் போய் வாட்ஸப்ல இன்னும் நாலு அனுப்புன்றாங்க. பிரைவேட்ல கேட்டா அந்தப் பின்கோடு ஓடிஏ, அதாவது டெலிவரி ஏரியாவுக்கு வெளிய, எக்ஸ்ட்ரா காசுன்றான், இல்லன்னா போகாதுன்றான். ஸ்பீட் போஸ்ட்டு போய் சேருது. லேட்டானாலும் சேருது. தோட்டப்பாளையம் பக்கம் மருந்துக் கடைங்கள கேட்டுப் பாருங்க, ஊருக்குத் திரும்பிப் போன பேஷண்டுக்கு ரிப்போர்ட்டோ மாத்திரையோ அனுப்பணும்னா எதுல அனுப்பறாங்கன்னு.

ஆனா புக் பண்றது கீதே, அதான் தலைவலி. நான் போற ஒரு ஆபீஸ்ல பத்து பார்சலுக்கு மேல கொண்டு போனா மூஞ்சிய சுளிக்கிறாங்க. ஏம்பா, கஸ்டமர் சரக்க தலைல தூக்கினு உன் வாசலுக்கு வர்றான், நீ "இன்னாத்துக்கு இவ்ளோ எடுத்துனு வந்த"ன்னு கேட்டா நஷ்டம் வராம இன்னா வரும்? பிரைவேட்காரன் சாயங்காலம் வண்டி எடுத்துனு வூட்டு வாசலுக்கு வர்றான், ஸ்கேன் பண்ணி தூக்கினு போறான். அதே துறைல, பக்கத்து ஊரு ஆபீஸ்ல ஒரு சார் கீறாரு, அவரு ஆள அனுப்பி எடுத்துக்கறாரு. ரூல் ஒண்ணுதான், ஆளப் பொறுத்து மாறுது. நஷ்டம் லாபம் எல்லாம் டெல்லில பேசட்டும், அந்த ரெண்டாவது சார் மாதிரி ஆளுக்கு இன்சென்டிவ் கொடுத்தா பாதி பிரச்சின சரியாப் பூடும்.

கோர்ட் குமாஸ்தா

சத்துவாச்சாரி கோர்ட்டுல வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா நான். எங்க வயித்தெரிச்சல யாருமே சொல்லலியே.

2025 செப்டம்பர் 1ல இருந்து ரெஜிஸ்டர் போஸ்ட்னு தனியா ஒண்ணு கிடையாது, ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க. அடுத்த மாசமே, அக்டோபர் 1, ஸ்பீட் போஸ்ட் ரேட்டு ஏறிடுச்சு. முன்னாடி ஒரு லீகல் நோட்டீஸ் 22 ரூபால ரெஜிஸ்டர் பண்ணுவோம், அக்னாலட்ஜ்மென்ட் கார்டு 3 ரூபா. இப்ப வெளியூருக்கு 50 கிராம் வரைக்கும் 47 ரூபா, ரெஜிஸ்ட்ரேஷன் வேணும்னா அதுக்கு 5, அதுக்கு மேல ஜிஎஸ்டி, 60 ரூபாயத் தாண்டுது, அக்னாலட்ஜ்மென்ட் தனி. லோக்கல்னா 19ல ஆரம்பம், அது பரவால்ல. செக் பவுன்ஸ் நோட்டீஸ் 30 நாளுக்குள்ள அனுப்பியாகணும், ஒரு பைனான்ஸ் பார்ட்டிக்கு மாசம் கட்டுக்கட்டா போகும், கட்சிக்காரங்க "என்னய்யா தபால் செலவே இவ்ளோ போட்டிருக்க"ன்னு எங்களத்தான் சந்தேகமா பாக்கறாங்க.

ஐயா சொன்னாரு பாருங்க, 50 பைசா கார்ட ஏத்த தைரியம் இல்லன்னு. அத ஏத்தாம எங்க தலைல ஏத்திட்டாங்க. போஸ்ட் கார்டு யாரு போடறா இப்ப? கோயில் திருவிழா அழைப்பும் சிட்பண்ட் கம்பெனியும் தவிர. நோட்டீஸ் அனுப்பாம இருக்க முடியாதுன்னு தெரிஞ்சு ஏத்திருக்காங்க. புத்தகம் அனுப்பறவங்களுக்கும் இதே கதைதான், 2024 டிசம்பர்ல அந்த சலுகை ரேட்ட சத்தமில்லாம நிறுத்தினாங்க, சின்னப் பதிப்பகம் எல்லாம் அலறினதும் 2025 மே மாசம் ஞான் போஸ்ட்னு புதுசா கொண்டு வந்தாங்க, 300 கிராம் வரைக்கும் 20 ரூபா.

நியாயமா ஒண்ணும் சொல்லணும், ட்ராக்கிங் இப்ப நல்லா இருக்கு. முன்னெல்லாம் ரெஜிஸ்டர் போஸ்ட் எங்க போச்சுன்னு தெரிய ஜோசியம் பாக்கணும்.

காட்பாடி டெக்கி

பிபிஎம் ப்ரோ, உங்க அலவன்ஸ்ல கை வைக்கச் சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. மலை ஊருக்கு சேவை வேணும்னா அரசாங்கம் "இந்த சேவைக்கு இவ்ளோ தர்றோம்"னு தனியா எழுதித் தரட்டும், மீதி பிசினஸ தனியா கணக்கு பாக்கட்டும்னு சொல்றேன். இப்ப எல்லாம் ஒரே பானைல கிடக்கறதால எது சேவைக்குப் போச்சு, எது வெட்டியாப் போச்சுன்னு யாருக்கும் தெரியல. அந்தக் குழப்பம்தான் வேலை செய்யாதவனுக்கு நல்ல மறைவு.

ரிட்டயர்டு கவுன்ட்டர்

டெக்கி தம்பி, இந்தத் தடவ நீங்க சொன்னதுல பாதிக்கு மேல எனக்கு சம்மதம். பென்ஷன், கிராம சேவை, சேமிப்பு வேலை, பார்சல் வியாபாரம் இது நாலையும் பிரிச்சு எழுதினா பாதி சண்டை ஓஞ்சுடும். அமெரிக்காவுலயும் இதே கூத்து நடந்துச்சு. அவங்க தபால் துறைய, வருங்காலத்துல ரிட்டயர் ஆகப் போறவங்க மருத்துவச் செலவுக்கு இப்பவே பணம் ஒதுக்கி வைன்னு 2006ல சட்டம் போட்டாங்க, வருஷம் 550 கோடி டாலர் கணக்குல. வேற எந்தத் துறைக்கும் அப்படி ஒரு சுமை கிடையாது. பத்து வருஷத்துக்கு மேல பேப்பர்ல நஷ்டம் நஷ்டம்னு வந்ததுல பெரும்பகுதி அதான், 2022லதான் அத நீக்கினாங்க. நீக்கின பிறகும் நஷ்டம் நிக்கல, லெட்டர் குறைஞ்சுகிட்டே போகுது, 2024ல 950 கோடி டாலர் துண்டு. ஆக, கணக்கு எழுதற விதம் ஒரு பங்கு, நிஜமாவே தொழில் சுருங்கறது ஒரு பங்கு, நம்ம ஊர்லயும் ரெண்டும் இருக்கு.

நீங்க சொன்ன ராயல் மெயில் கதைய முழுசா சொல்லுங்க. பிரைவேட் ஆன பிறகு டெலிவரி டார்கெட்ட எட்டலன்னு திரும்பத் திரும்ப அபராதம் கட்டினாங்க. 2025 ஜூலைல இருந்து செகண்ட் கிளாஸ் லெட்டர ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் டெலிவரி பண்ணலாம்னு பர்மிஷன் வாங்கிட்டாங்க. ஸ்டாம்ப் விலை ஏறினது தனிக்கதை. குமாஸ்தா அண்ணே, உங்க 60 ரூபா அங்க இருக்கறவனுக்கு ஜுஜுபி.

நம்ம அமைச்சர் சிந்தியா 2029க்குள்ள தபால் துறைய லாபத்துக்குக் கொண்டு வர்றோம்னு சொல்லியிருக்காரு, 2025 பட்ஜெட்லயும் பெரிய லாஜிஸ்டிக்ஸ் நிறுவனமா மாத்தறோம்னு அறிவிச்சாங்க. நடக்கட்டும். ஆனா எட்டாவது சம்பளக் கமிஷன் வேற வாசல்ல நிக்குது, ஆறாவது ஏழாவது வந்தப்ப கணக்கு எப்படி எகிறுச்சுன்னு உள்ள உக்காந்து பாத்தவன் நான். குடியாத்தத்துக்காரர் சொன்ன மாதிரி பார்சல வாசல்ல போய் வாங்காம, லுங்கிக்காரர விரட்டிகிட்டு லாஜிஸ்டிக்ஸ்னு போர்டு மட்டும் மாத்தினா ஒண்ணும் ஆகாது. 2023 சட்டத்துல லெட்டர் எடுத்துட்டுப் போற தனி உரிமையும் போயிடுச்சு, 1898 சட்டத்துல இருந்தது அது. இனிமே போட்டி போட்டுத்தான் ஆகணும்.

ஆற்காடு ஆர்டி அக்கா

நான் போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக்கு மகளிர் முகவர், ஆர்டி, அதாவது மாசாமாசம் கட்டற சேமிப்பு பிடிக்கறவ. பீடி சுத்தற வீடு, தையல் கடை, பூக்காரம்மான்னு மாசம் 100, 500ன்னு வாங்கி கட்டறேன். எனக்கு 4 சதவீதம் கமிஷன். சைட்டு படுத்துச்சுன்னா யார் யார் எவ்ளோ கட்டினாங்கன்ற லிஸ்ட் (ஷெட்யூல்) போட முடியாம கடைசி தேதில அல்லாடுவோம், அந்தப் புலம்பல் இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

இவங்க எல்லாரும் டெல்லி, லண்டன், அமெரிக்கான்னு போயிட்டாங்க, சத்துவாச்சாரி தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அம்மா எம்ஐஎஸ் வட்டி மாசாமாசம் எங்க போகுது? 9 லட்சத்துக்கு 7.4னா மாசம் 5,550 வரணும். சில பேரு அத எடுக்காம அந்தக் கணக்குலயே விட்டு வச்சிருப்பாங்க, சேர்ந்து குட்டி போடும்னு நெனச்சு. போடாது தம்பி, எடுக்காத வட்டிக்கு வட்டி கிடையாது. வருஷக்கணக்குல அப்படி விட்டு ஏமாந்தவங்கள நான் பாத்திருக்கேன்.

சத்துவாச்சாரிக்காரன்

அக்கா, சத்தியமா எனக்கு இது தெரியாது. பாஸ்புக் பாத்தேன், அம்மா ஆறு ஏழு மாசத்துக்கு ஒரு தடவ மொத்தமா போய் எடுத்துட்டு வர்றாங்க! மச்சான் இதெல்லாம் சொல்லல பாருங்க.

எல்லாருக்கும் நன்றி. பணத்த எடுக்கல. ஐயா எழுதினத அம்மாவுக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன், "அரசாங்கம்தானே பொறுப்பு, அது போதும்"னு சொல்லிட்டு டிவி போட்டுட்டாங்க. மச்சானுக்கும் ஃபார்வர்ட் பண்ணியாச்சு, ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரல. வட்டிய என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லிடுங்க.

ஆற்காடு ஆர்டி அக்கா

அதே ஆபீஸ்ல அம்மா பேர்ல ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் இருக்கணும், இல்லன்னா 500 ரூபால தொறந்துடலாம். எம்ஐஎஸ் வட்டி தானா அதுக்குப் போற மாதிரி ஒரு ஃபார்ம் எழுதிக் கொடுங்க, அங்க 4 சதவீதமாச்சும் கிடைக்கும். செலவுக்குத் தேவையில்லாத பங்கு ஏதாச்சும் இருந்தா மாசம் 1,000 ரெண்டாயிரம் ஆர்டில போடுங்க, 6.7 கிடைக்குது. என்கிட்டதான் போடணும்னு இல்ல, பக்கத்துலயே யாராச்சும் ஏஜெண்ட் இருப்பாங்க.

போகும்போது நாமினி யாருன்னு ஒரு தடவ பாத்துடுங்க, ரெண்டு கணக்குலயும். நாலு பேர் வரைக்கும் போடலாம். ஆதார், பான் ரெண்டும் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க, மாச ஆரம்பத்துலயும் 15ஆம் தேதிய ஒட்டியும் போகாதீங்க, பென்ஷன், உரிமைத் தொகைன்னு கூட்டம் தாங்காது. 20ஆம் தேதிக்கு மேல மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி போனீங்கன்னா சீக்கிரம் முடிஞ்சுடும்.